வீட்டில் ஒருவருக்கு டிபி: மற்றவர்களில் யாருக்கு வரும், என்ன செய்ய வேண்டும்

சளி பரிசோதனையில் டிபி என்று வந்துவிட்டால் நம் சேலத்துப் பக்கம் நிறைய வீடுகளில் முதல் வேலையாக நடப்பது, அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைப்பதுதான். அந்த வேலையே தேவையில்லை. டிபி தட்டில் ஒட்டாது, துணியில் ஒட்டாது, கையைப் பிடித்தால் வராது. நுரையீரலில் டிபி உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் வெளியே வருகிற மிக நுண்ணிய துளிகள் மூடிய அறைக்குள் மணிக்கணக்கில் மிதக்கும், அந்தக் காற்றை மூச்சில் இழுப்பவருக்குத்தான் தொற்றும். நோய் கண்டுபிடிப்பதற்கு முன்னாடியே பல வாரங்கள் அந்த வீட்டில் எல்லோரும் அதே காற்றைத்தான் சுவாசித்திருப்பார்கள். அதனால் தட்டைப் பிரித்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: யார் உடம்புக்குள் கிருமி போயிருக்கலாம், போயிருந்தால் யார் உடம்பு அதை அடக்கி வைக்கும், யார் உடம்பு விட்டுவிடும்?

இதற்குப் பதில் தேட உடம்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், பின்னால் சொல்லப்போகிற ஒவ்வொரு வேலைக்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது.

கிருமி நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய் இறங்கியதும், அங்கே காவலுக்கு இருக்கும் மேக்ரோபேஜ் என்ற செல் அதை விழுங்கும். சாதாரணக் கிருமியாக இருந்தால் அதோடு முடிந்தது. ஆனால் டிபி கிருமியின் உறை கொழுப்பும் மெழுகுமாகத் தடித்தது. விழுங்கிய செல் அதைச் செரிக்கும் வேலையைத் தடுத்துவிட்டு, அதே செல்லுக்குள் குடியிருந்து மெதுவாகப் பெருகும். ஒன்று இரண்டாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், அவ்வளவு நிதானமான கிருமி. நம் பக்கத்துப் பெரிய படையான டி செல்களும் உடனே வந்துவிடுவதில்லை, செய்தி போய் அவை தயாராகி நுரையீரலுக்கு வந்து சேர 2 முதல் 8 வாரம் பிடிக்கும். வந்ததும் காமா இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரக்கும். அது பட்டதும்தான் மேக்ரோபேஜுக்குள் கிருமியைக் கொல்லும் வேலை சூடு பிடிக்கும். டி.என்.எஃப். என்று இன்னொரு பொருள், செல்களைச் சுற்றிச் சுற்றி அடுக்கி கிருமியை நடுவில் வைத்து ஒரு கட்டுக் கட்டும். கிரானுலோமா என்பது அதுதான். நம்ம ஊர் ஏரிக்கரை மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: கரை பலமாக இருக்கும்வரை தண்ணீர் உள்ளேயே கிடக்கும், பராமரிப்பு இல்லாமல் கரை இளகினால் பல வருடம் கழித்துக்கூட உடைத்துக்கொண்டு வரும்.

உலக மக்களில் நாலில் ஒருவர் உடம்பில் இந்தத் தொற்று எப்போதோ நடந்திருக்கிறது என்று கணக்கு. அவர்களில் வாழ்நாள் முழுவதும் சேர்த்து நோயாளி ஆகிறவர்கள் 100 பேருக்கு 5 முதல் 10 பேர். 1929, 30 ஆண்டுகளில் ஜெர்மனியின் லூபெக் நகரத்தில் ஒரு கொடுமை நடந்தது. பிறந்த குழந்தைகள் 251 பேருக்கு வாய்வழியாகக் கொடுத்த பிசிஜி என்ற டிபி தடுப்பு மருந்தில் தவறுதலாக நிஜமான டிபி கிருமி கலந்துவிட்டது. அன்றைக்கு டிபிக்கு மருந்தே கிடையாது. 70க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தன, நினைத்தாலே மனசு கலங்குகிறது. ஆனால் மிச்சமிருந்த பெரும்பாலான குழந்தைகள், நோய் வந்தும்கூட, மருந்தில்லாமலே பிழைத்தார்கள். உள்ளே போன கிருமியின் அளவும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பது உண்மை. இருந்தாலும் பிறந்த குழந்தையின் உடம்புக்கே இந்தக் கிருமியைத் தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறும் என்பதை டாக்டர்கள் இன்றும் இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

தொற்றியவர்களில் நோயாளி ஆகிறவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் ஆகிவிடுகிறார்கள். அந்த இரண்டு வருடம்தான் உங்கள் வேலை நேரம்.

சரி, வேலையை ஆரம்பிப்போம். ஒரு நோட்டை எடுத்து வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். தினமும் வந்துபோகும் பாட்டி, டியூஷனுக்கு வரும் பிள்ளைகள், பட்டறையில் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இதில் சேர்த்தி. பெயருக்கு நேராக வயது, உயரம், எடை, சுகர் உண்டா, பீடி சிகரெட் மது உண்டா, என்ன வேலை, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், இப்போது இருமலோ காய்ச்சலோ இருக்கிறதா என்று குறியுங்கள்.

இதில் எடைக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக முக்கியத்துவம் கொடுப்பேன். டி செல்கள் உற்பத்தியாவதும், சுரக்க வேண்டியதைச் சுரப்பதும் புரதமும் சத்தும் கேட்கிற வேலை. ஆள் மெலிந்தால் முதலில் அடிபடுவது இந்தப் படைதான். நம் நாட்டில் டிபிக்கு வழிவிடும் காரணங்களில் முன்னால் நிற்பது சத்துக்குறைவு. கணக்கு எளிது: எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எடுத்து, அந்த எண்ணால் எடையை இரண்டு முறை வகுக்க வேண்டும், வருவது 18.5க்குக் கீழே போனால் எடை போதாது. 150 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒரு அம்மாவுக்கு 42 கிலோவாவது வேண்டும், 160 உள்ளவருக்கு 47, 48 கிலோ. தறிக்காரர் வீடுகளில், எஸ்டேட் லைன் வீடுகளில் 38, 39 கிலோவில் இருக்கிற பெண்களைப் பார்த்து "அவங்க உடம்பு வாகு அப்படி" என்று விட்டுவிடுகிறோம். அது வாகு இல்லைங்க, எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடுவதன் கணக்கு அது.

ஜார்க்கண்டில் டிபி நோயாளிகளின் குடும்பங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2023இல் முடிவு வந்தது. குடும்பத்தில் மற்றவர்களுக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை, இவ்வளவுதான் கொடுத்தார்கள். கொடுக்காத குடும்பங்களோடு ஒப்பிட்டால் புதிதாக டிபி வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. அரிசியும் பருப்பும் செய்த வேலை இது! அதனால் நோய் எதிர்ப்பு சக்திக்கு என்று டப்பாவில் விற்கும் பவுடருக்கு 800, 900 ரூபாய் கொடுக்காதீர்கள், அந்தக் காசுக்கு முட்டையும் பச்சைப்பயறும் கொள்ளும் நிலக்கடலையும் வாங்குங்கள். ரேஷன் பருப்பைச் சாம்பாரில் தண்ணீராக ஓட்டாமல் கெட்டியாகக் கடைந்து போடுங்கள். மலையில் ராகிக் களி, சாமைச் சோறு பழக்கம் உள்ள வீடுகளில் அதை விடாதீர்கள், ஆனால் குழம்பில் அவரையோ மொச்சையோ கருவாடோ கட்டாயம் இருக்கட்டும். நம் பக்கம் குச்சிக்கிழங்கு தாராளமாகக் கிடைக்கிறது, வயிறு நிறையும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு, அதை மட்டும் வைத்து இரவுச் சாப்பாட்டை முடித்துவிட வேண்டாம். வைட்டமின் டி மாத்திரை டிபியைத் தடுக்கும் என்று ஒரு காலத்தில் நிறையப் பேர் நம்பினார்கள், மங்கோலியாவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் தொற்று குறையவில்லை. நிலவேம்பும் மஞ்சள் பாலும் குடிக்கிறவர்கள் குடிக்கலாம், டிபிக்கு அதை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்தது சுகர். சுகர் இருந்தால் டிபி வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு. ரத்தத்தில் சர்க்கரை ஏறி நிற்கும்போது மேக்ரோபேஜும் டி செல்களும் வரவேண்டிய நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் வேலை சரியாக நடப்பதில்லை. சேலம் டவுனில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பலர் சுகர் இருப்பதே தெரியாமல் இருக்கிறார்கள், அதனால் "எனக்கு இல்லை" என்று சொல்பவருக்கும் ஒரு முறை ரத்தம் பார்த்துவிடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்தான்.

குழந்தைகளைத் தனியாகக் குறியுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே, அதிலும் ஒரு வயதுக்குக் கீழே, இந்தப் படை இன்னும் முழுசாகத் தயாராகியிருக்காது. கைக்குழந்தைக்குத் தொற்றினால், தடுப்பு மாத்திரை கொடுக்காவிட்டால் ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் வரை நோய்க்குப் போகலாம், அதுவும் மூளைக்காய்ச்சலாகப் போகும் அபாயம் உண்டு. பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசி இந்த மோசமான வகைகளில் இருந்துதான் குழந்தையைக் காக்கிறது, கட்டாயம் போட்டிருக்க வேண்டும். ஆனால் கையில் தழும்பு இருக்கிற பெரியவர்கள் "எனக்குத்தான் ஊசி போட்டாச்சே" என்று இருக்க முடியாது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களிடம் 15 வருடம் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை என்று தெளிவாகத் தெரிந்தது.

மாத்திரைப் பட்டியலில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று பாருங்கள், அது இந்தப் படையை அடக்கிவிடும். முடக்குவாதத்துக்குப் போடும் சில புதிய ஊசிகள் டி.என்.எஃப்.ஐயே அடக்கும், மேலே சொன்ன கரையைக் கட்டுவது அதுதான் என்பதால் இந்த ஊசி போடுபவர்கள் உடனே தங்கள் டாக்டரிடம் வீட்டில் டிபி இருப்பதைச் சொல்ல வேண்டும். மூட்டு வலிக்கும் இளைப்புக்கும் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் கொடுக்கும் பொடிகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், சாப்பிட்டதும் உடம்பு லேசானதுபோல இருப்பது அதனால்தான். ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு, ஏனென்றால் அந்த வைரஸ் அழிப்பதே இந்த டி செல்களைத்தான். அவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

வேலையையும் பாருங்கள். கல் குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்கிறவர்கள் இழுக்கும் சிலிக்கா தூசி மேக்ரோபேஜ்களையே சாகடிக்கிறது, முதல் காவலே போய்விடுகிறது. அவர்களுக்கு இருமல் வந்தால் "தூசி இருமல்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். செவ்வாய்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசு பட்டறைகளில் பிரச்சினை காற்றுதான்: பற்ற வைக்கும்போது நெருப்பு அலையும் என்று ஃபேனை நிறுத்தி ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரே சின்ன அறையில் அஞ்சாறு பேர் உட்காருவார்கள். அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி தறிக்கூடங்களிலும் காற்றடித்தால் பாவு காய்ந்து இழை அறுகிறது என்று கதவைச் சாத்துவது உண்டு. ஏற்காட்டில் லைன் வீடுகளில் குளிருக்கும் பனிக்கும் பயந்து சாயங்காலமே எல்லாத்தையும் அடைத்துவிட்டு விறகடுப்புப் புகையோடு படுப்பார்கள். மூன்று இடத்திலும் கிருமிக்கு வசதி ஒன்றுதான்: பழைய காற்று வெளியே போகவில்லை. நோயாளி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு வாரமாவது எதிரெதிரே இருக்கும் இரண்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், பகலில் அவர் திண்ணையிலோ மரத்தடியிலோ உட்காரட்டும், வீட்டுக்குள் மாஸ்க் போடட்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும், சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும் ஒதுக்கி வைக்க அவசியமே இல்லை.

நோட்டு தயாரானதும் எல்லோரையும் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள், இருமல் இல்லாதவரையும் சேர்த்து. ஆரம்ப சுகாதார நிலையம் போதும், மேலே இருப்பவர்களுக்கு ஏற்காடு அரசு மருத்துவமனை இருக்கிறது. எக்ஸ்ரே அங்கே முடியவில்லை என்றால்தான் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் ஜி.ஹெச். வர வேண்டியிருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவது, ராத்திரியில் வியர்ப்பது, சளியில் ரத்தம், கழுத்தில் கட்டி, இதில் ஒன்று இருந்தாலும் சளி கொடுக்க வேண்டும்.

சளி கொடுப்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் கோட்டை விட்டால் நோய் இருந்தும் இல்லை என்று ரிசல்ட் வரும். லேபில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சளியே வரலைங்க, எச்சில்தான் வருது." "அம்மா, எச்சில் வேண்டாம்ங்க. நாளைக்குக் காலையில எழுந்ததும் எடுத்துட்டு வாங்க." காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுவதற்கு முன், வாயை வெறும் தண்ணீரில் கொப்பளியுங்கள், பேஸ்ட் வேண்டாம். வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ போய் நில்லுங்கள், பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, பிறகு வெளியே விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு அடிநெஞ்சில் இருந்து இருமுங்கள். கெட்டியாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வருவதுதான் சளி, நுரை நுரையாகத் தண்ணீராக வந்தால் அது எச்சில். அரை டீஸ்பூனுக்குக் குறையாமல் டப்பாவில் விழ வேண்டும். மூடியை இறுக்கி, வெயில் படாமல் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற கருவியில் போட்டால் சில மணி நேரத்திலேயே கிருமி உண்டா என்பதோடு டிபியின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது கட்டுப்படுமா என்றும் தெரிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குச் சளியை வெளியே துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள், அவர்களுக்கு எக்ஸ்ரேயும் தேவைப்பட்டால் வயிற்றில் இருந்து எடுக்கும் நீரும் பார்ப்பார்கள்.

தனியார் லேபில் யாராவது டிபிக்கு ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிபியில் போராடுவது முக்கியமாக டி செல்கள், ஆன்டிபாடியை வைத்து நோய் உண்டு இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய அரசு 2012இலேயே அந்தக் கிட்களைத் தடை செய்துவிட்டது. இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை வேறு, அது டி செல்கள் காமா இன்டர்ஃபெரான் சுரக்கிறதா என்று பார்ப்பது. அதுவும் கையில் போடும் தோல் பரிசோதனையும் பாசிட்டிவ் வந்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம், நோய் வந்துவிட்டது என்று அழ வேண்டாம்.

நோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு. ஐசோனியாசிட் தினமும் ஆறு மாதம், அல்லது ஐசோனியாசிடும் ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒரு முறை, மொத்தம் 12 வாரம். யாருக்கு எது என்பதை வயதும் எடையும் பார்த்து டாக்டர் முடிவு செய்வார். அரசு மருத்துவமனையில் இலவசம். "நோயே இல்லாதவனுக்கு எதுக்கு மாத்திரை" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். உள்ளே தூங்கும் கிருமியை உடம்பு தனியாகச் சமாளிக்கட்டும் என்று விடுவதா, கைகொடுத்து உதவுவதா என்று கேளுங்கள், குழந்தை இருக்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போட நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மாத்திரை நாட்களில் மது கூடாது. கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, சாப்பாடே பிடிக்காமல் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

இனி நோயாளியைப் பற்றி. ஏற்காட்டுக்குப் போய்க் காற்று மாற்றினால் சரியாகிவிடும் என்ற பேச்சு பழைய ஆட்களிடம் இன்னும் இருக்கிறது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியம் என்ற டிபி ஆஸ்பத்திரியில் நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்தும், இன்னொரு பாதியை நெருக்கடியான சொந்த வீட்டிலேயே வைத்தும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு: குணமானது ஏறக்குறைய ஒரே அளவு, வீட்டில் இருந்ததால் மற்றவர்களுக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு அந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். குளிர்காற்று குணமாக்காது, மாத்திரைதான் குணமாக்கும், சாதாரண டிபிக்கு ஆறு மாதம், ஒரு நாளும் விடாமல்.

முதல் மாதத்திலேயே சிலர் இறந்துவிடுகிறார்கள், மருந்து தொடங்கியும். அதைத் தடுக்கத்தான் தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. நோய் உறுதியான அன்றே மூன்று விஷயம் பார்ப்பார்கள்: உடம்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறதா, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. நீங்களும் வீட்டில் இதைப் பாருங்கள். 160 சென்டிமீட்டர் ஆள் 36 கிலோவுக்குக் கீழே போயிருந்தால், காலில் வீக்கம் இருந்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் போனால், சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாவிட்டால் வீட்டில் வைத்திருக்காதீர்கள், படுக்கையில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். தேறி வருபவருக்கு வாரம் ஒரு முறை எடை பாருங்கள். 40 கிலோவில் தொடங்கியவர் இரண்டாவது மாதக் கடைசியில் 42 தொட்டிருக்க வேண்டும், ஜார்க்கண்ட் ஆய்வில் அப்படி 5 சதவீதம் எடை ஏறியவர்களிடம் இறப்பு பாதிக்கும் கீழே இருந்தது. சாப்பாட்டுக்காக மாதம் 1000 ரூபாய் அரசு வங்கிக் கணக்கில் போடுகிறது, 2024 நவம்பருக்கு முன் அது 500. கணக்கு எண்ணைக் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் வரவில்லை, மாத்திரை கிடைக்கவில்லை என்றால் 1800-11-6666 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், கட்டணமில்லை.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம். அதே மருந்து சுகர் மாத்திரை சிலவற்றின் வேகத்தையும் கருத்தடை மாத்திரையின் வேகத்தையும் குறைத்துவிடும், இரண்டையும் டாக்டரிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

அப்புறம் அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, இரண்டு வருடம் வரை, எல்லோர் எடையையும் எழுதி, இருமல் காய்ச்சல் உண்டா என்று கேளுங்கள். குணமானவர் பெயரையும் அதில் வையுங்கள், திரும்ப வருவதும் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்தான். யாருக்காவது காரணமில்லாமல் இரண்டு கிலோ குறைந்திருந்தால் இருமல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், மறுநாள் காலையிலேயே சளி டப்பா வாங்கிவிடுங்கள்.